கீதாவின் எலும்பில் விழுந்த விரிசல்

விக்ரோலி
12 டிசம்பர்

அன்புத் தம்பி சுடலைக்கண்ணனுக்கு,

அக்கா முத்துமாரி எழுதுவது. நீ கத்தாரில் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய், அதனால்தான் கடிதம். முழுவதும் படி.

போன மாதம் தாராவியில் நம் தங்கச்சி கீதா வீட்டுக்குப் போனேன். மாடி அறையிலிருந்து இரும்பு ஏணியைப் பிடித்து, ஆடி ஆடி இறங்கினாள். கட்டிப்பிடித்தேன். விலாவில் கை பட்டதும் அலறிவிட்டாள். என்னவென்று அவளைக் கேட்டேன். அவள் புருஷன் மாரிசெல்வம்தான் முந்திக்கொண்டு, "உக்காந்தே சட்டைக்குப் பட்டன் தைக்கால்லா மதினி, இடுப்பு பிடிச்சிருக்கு" என்றான்.

நான் நம்பவில்லை. முதுகு தேய்த்துவிடுகிறேன் என்று சொல்லி அவள் உடம்பெல்லாம் பார்த்தேன். ஒரு காயமும் இல்லை. தழும்பு தெரியாதபடி அடிக்கிறான் என்று நினைத்தேன். பக்கத்து அறை ருக்சானாவிடம் விசாரித்தேன். சண்டைச் சத்தமே வராதாம். அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் பட்டது. அன்றுதான் உனக்குப் போன் செய்தேன். நீ அவனைப் போனில் கூப்பிட்டு என்னென்ன பேசினாயோ, அவன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. குற்றமுள்ளவன்தான் பேசமாட்டான் என்றேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்ரேயில் விலாவில் இரண்டு, தொடையில் ஒன்று, மயிரிழை விரிசல். டாக்டரம்மாவுக்கும் அதே சந்தேகம் போல. எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் தனியாகப் பேசினார். பிறகு ரத்தம் எடுத்தார்கள்.

யாரும் அடிக்கவில்லை தம்பி. வைட்டமின் டி இல்லாமல் எலும்பு மெத்தென்று ஆகிவிட்டதாம். அந்தக் காலத்தில் சீமையில் ஆலைப்புகை வெயிலை மறைத்த ஊர்களில் பிள்ளைகளுக்குக் கால் வில்லாக வளைந்ததாம். காரணம் தெரியாமல் வெகுகாலம் திண்டாடி, மீன் எண்ணெயும் வெயிலும்தான் மருந்து என்று கண்டார்களாம். பெரியவர்களுக்கு வந்தால் இப்படி வலியும் விரிசலும். வாரம் ஒரு பொட்டலம் வைட்டமின் பொடியைப் பாலில் கலந்து குடிக்க வேண்டும், சுண்ணாம்புச்சத்து மாத்திரை, தினமும் அரைமணி நேரம் வெயில். அந்தச் சந்தில் கூரையும் கூரையும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. வெயிலுக்கு ரோட்டுக்குத்தான் வரவேண்டும்.

அப்போதும் என் மனம் அடங்கவில்லை. கல்யாணமாகி வந்த மூன்று வருடமாக அவள் அந்த அறையை விட்டு வெளியே போனதே இல்லை; போக விடாதவன் யார்? அவன் மருந்து வாங்கப் போனதும் அவளிடமே கேட்டேன்.

"அவிய வா வான்னுதான் கூப்பிடுவாவ. நீதானக்கா சொன்னே, நான் கல்யாணமாகி வந்த அன்னைக்கு. ஏட்டி, இது பம்பாயி, வெளிய தல காட்டாதன்னு" என்றாள்.

எனக்கு அது நினைவே இல்லை. ஆனால் என் வாயில் வரக்கூடிய பேச்சுதான்.

இப்போது தினமும் பதினோரு மணிக்கு அவன் பட்டறையிலிருந்து வந்து, கைத்தாங்கலாக அவளை இறக்கிக் கூட்டிப்போகிறான். என்னைக் கண்டால் இன்னும் "வாங்க மதினி" என்கிறான். நான்தான் வேறெங்கோ பார்க்கிறேன்.

அவனுக்கு ஒரு போன் போடு. மன்னிப்புக் கேட்கும்போது என் பேரையும் சேர்த்துச் சொல். உனக்கும் ஏதாவது புத்தி சொல்ல வாய் வருகிறது. சொல்லவில்லை. நீ நன்றாக இரு.

உன் அக்கா,
முத்துமாரி