காணாத பிறைக்குச் சொன்ன சாட்சி

என் அன்பு நானாவுக்கு,

மண்ணுக்குள் இருக்கும் உங்களுக்கு உங்கள் தம்பியின் ஸலாம். அல்லாஹ் உங்கள் கப்ரை விசாலமாக்கட்டும். நீங்கள் மவுத்தாகி எட்டு மாதமாகிறது. மதினி சுகம். வள்ளத்து எஞ்சின் திருத்தும் உங்கள் கொட்டிலை மருமகன்தான் நடத்துகிறார். உங்களைவிடக் குறைவாகப் பேசுகிறார், அதனால் ஆட்கள் கூடுதலாக வருகிறார்கள். கோபிக்காதீர்கள்.

நான் ஒரு கமரா வாங்கியிருக்கிறேன். சாதாரணக் கமராதான், ஆனால் தூரத்தை இழுத்துக் காட்டும் நீண்ட லென்ஸ் ஒன்றும் கூட. சிரிப்பீர்கள். கலியாண வீட்டில் போட்டோக்காரரைக் கண்டால் சாப்பாட்டுப் பக்கம் நழுவுகிற எனக்கு என்னத்துக்குக் கமரா?

பிறைக்கு, நானா. அந்தப் பிறைக்கு.

நான் துணிக்கடை தொடங்கிய முதல் வருஷம். இருபத்தொன்பதாம் நோன்பைத் திறந்த கையோடு கடற்கரையில் நின்றோம். “அந்தா பார், நூல் மாதிரி” என்று விரலை நீட்டினீர்கள். நானும் பார்த்தேன். வானம் மட்டும்தான் இருந்தது. மதினியிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று நீங்கள் வீட்டுக்கு ஓடினீர்கள். நான் பள்ளிவாசலுக்கு நடந்தேன்.

கொழும்புச் செய்திக்குக் காத்திராமல் ஊர்ப் பள்ளியே தீர்மானித்துக்கொண்ட காலம் அது. நீங்கள் வந்து சொன்னதும், பெருநாள் பிறைக்கு இரண்டு சாட்சி வேண்டும் என்றார்கள். “எஞ்சின் புகைக்குள்ளயே கிடக்கிற கண்ணுக்கு எல்லாம் நூலாத்தான் தெரியும்” என்று ஒருவர் பகிடி விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் தலை குனிந்தீர்கள். எனக்குத் தாங்கவில்லை. “நானும் கண்டனான்” என்று சொல்லிவிட்டேன்.

உடனே நம்பினார்கள். பகிடி விட்ட அதே மனிதர்தான் காரணமும் சொன்னார்: “நாளைக்குப் பெருநாளெண்டால் இவன்ட கடைக்கு ஒரு நாள் யாவாரம் போச்சு. தன்ர வயித்தில அடிச்சுக்கொண்டு ஆராவது பொய் சொல்லுவானா?”

மறுநாள் கொழும்பில் நோன்பு. அங்கே மேகமாம், பிறை தெரியவில்லையாம். நாம் இங்கே புது உடுப்புப் போட்டு வட்டிலப்பம் சாப்பிட்டோம். என் பங்கை உங்கள் தட்டில் தள்ளிவிட்டேன். ஊர் முழுவதின் ஒரு நோன்பை என் வாய் விழுங்கிவிட்டதோ? நானா உண்மையில் கண்டாரா, இல்லை ஆசையில் கண்டதாக நினைத்தாரா?

உங்களிடம் கேட்டிருக்கலாம். கேட்பதென்றால், நான் காணவில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். பிறகு போரில் ஊரை விட்டு விரட்டப்பட்டுப் புத்தளத்தில் கிடந்த காலத்தில் ஒரே ஓலைக்கூரைக்குக் கீழே எத்தனை வருஷம் படுத்தோம்? அப்போதும் கேட்கவில்லை. உங்கள் கப்ருக்கு மூன்று பிடி மண் போடும்போது, இனி யாரிடம் கேட்பேன் என்றுதான் நினைத்தேன்.

கேட்டு அறிய முடியாத சாமானை நான் சோதித்துப் பார்ப்பேன். என் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பிறை இருக்க முடியுமா? அதைத்தான் சோதிக்க நினைத்தேன்.

முதலில் வளர்ந்த நிலவில் பழகினேன். அந்தியில் மஃரிபு தொழுதுவிட்டு முற்றத்தில் நின்று எடுத்தேன். வந்தது வெள்ளை ரொட்டி. ஒரு புள்ளி, ஒரு நிழல் இல்லை. லென்ஸ் பழுது என்று கமரா வாங்கிய கடைக்குக் கொண்டுபோய்ச் சண்டை பிடித்தேன். கடைக்காரர் அன்ரன், பள்ளிமுனைக்காரர், படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“லென்ஸில பிழையில்ல முதலாளி. இருட்டெண்டு நினைச்சு வெளிச்சத்தை அள்ளி விட்டிருக்கிறீங்கள். இருட்டு எங்களுக்குத்தான். சந்திரனில வெயில் எறிக்குது. பகலில வெள்ளைச் சுவரை எடுக்கிற மாதிரி எடுங்கோ.”

அப்படியே எடுத்தேன். கமராவை முக்காலியில் இறுக்கி, என் கை நடுக்கம் படாமல் இரண்டு வினாடி கழித்துத் தானே அடிக்க வைத்தேன். குழியும் மேடுமாக நிலவு வந்து நின்றது. அன்ரனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். நான் மன்னிப்புக் கேட்டதை அவர் டவுன் முழுக்கச் சொல்லிவிட்டார்.

பிறகு இந்த வருஷத்து இருபத்தொன்பதாம் நோன்பு. அதே கரை. சூரியன் இறங்கிய இடத்துக்கு மேலே, சற்று இடப்பக்கம் பார்க்கச் சொல்லி அன்ரன் தன் போனில் பார்த்துச் சொல்லியிருந்தார். பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு பார்த்தேன். அன்றைக்குப் போலவே வெறும் வானம். தூரத்துப் பாய்மரத்தில் லென்ஸைத் தெளிவாக்கி, அதை அசைக்காமல் மேலே திருப்பி, ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், செம்மஞ்சளுக்குள் ஒரு கீறல். நூல் மாதிரி.

கமராவோடு உங்கள் வீட்டுக்கு ஓடினேன். மதினி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தா.

“ஓம். அண்டைக்கும் இப்பிடித்தான். இதைவிடக் கொஞ்சம் தடிப்பு.”

“எண்டைக்கு?”

“நீங்கள் சாட்சி சொன்ன அண்டைக்கு, தம்பி. அவர் ஓடிவந்து என்னைக் குசினி அடுப்படியில இருந்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினவரெல்லோ. என்ர ரெண்டு கண்ணாலயும் கண்டனான்.”

உங்கள் கதிரையில்தான் போய் உட்கார்ந்தேன். “மதினி, இதை ஏன் இவ்வளவு காலமும் சொல்லல்ல?”

“ஆர் என்னட்டக் கேட்டது?”

பிறகுதான் என் குற்றத்தைச் சொன்னேன். மதினி ஆச்சரியப்படவில்லை. “அது அவருக்கு அண்டைக்கே தெரியும். தம்பி பிறையைக் காணல்ல, என்ர முகத்தைப் பாத்துத்தான் சொன்னவன் எண்டவர். உங்களுக்கு வெக்கமா இருக்குமெண்டு கேக்கல்ல.”

நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எப்படிப்பட்ட சகோதரர்கள் நாம்!

அன்று நன்றாகச் சாப்பிட்டேன், நானா. மதினி இரண்டாவது தரமும் கஞ்சி ஊற்றினா. ஊரின் நோன்பு போகவில்லை. பொய் சொன்ன வாய் என்னுடையது மட்டும்தான், அதை நான் சமாளிப்பேன்.

வருகிற வெள்ளி ஜும்ஆ முடிந்ததும் பள்ளியில் எழுந்து சொல்லப்போகிறேன்: அந்தப் பிறை உண்மை, அதைக் கண்டது என் நானாவும் மதினியும், நான் காணவில்லை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். இது உங்களுக்குத் தரும் வாக்கு. இனிப் பிறை பார்க்கும் நாட்களில் மதினிக்கும் கரையில் ஒரு கதிரை போடுவேன்.

நீங்கள் கேளாமல் விட்டதையும் சேர்த்துச் சொல்லி முடித்த,
உங்கள் தம்பி
சலீம்