சுவருக்கு அடித்த பச்சை

அன்புத் தங்கச்சிக்கு, அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் அண்ணிக்குக் கவலை.

அண்ணி கூப்பிட்டால் ஃபோனை எடுக்கிறாய், நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாதே, அதனால் எழுதுகிறேன். கிழிப்பதென்றாலும் படித்துவிட்டுக் கிழி.

இங்கே விடாத மழை. ஆணி மூட்டைகளில் துரு ஏறுகிறது. அண்ணிக்கு முழங்கால் வலி தேவலை. விளம்பரப் படக் கம்பெனியில் உதவியாளராகச் சேர்ந்திருக்கிறாயாம், நல்லது. ஆனால் "என் படத்தை விட்டுட்டேன் அண்ணி" என்று சொன்னாயாமே. அதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கல்லாவில் உட்காரப் பிடிக்கவில்லை.

நம் இரும்புக்கடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நீ படம் எடுத்தபோது எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. ஒரு தெர்மோகோல் அட்டை, நம் வீட்டு வெள்ளைப் போர்வை, ஜன்னல் வெளிச்சம். அவ்வளவுதான் உன் சினிமா. "என்ன முதலாளி, தங்கச்சி சினிமா எடுக்குதாம், லைட்டையே காணோமே?" என்று எதிர்க்கடைக்காரர் சிரித்தார். "கல்யாண வீடியோக்காரன்கூட உன்னைவிட நாலு லைட்டு கூடுதலா வெச்சிருக்கான், பணம் வேணும்னா வாயத் திறந்து கேளேன்" என்றேன். நீ என்ன சொன்னாய்? "பணம் வந்தா கூடவே குடுத்தவங்க யோசனையும் வரும்ணா. எனக்கு இருக்கிற யோசனை போதும்." திமிர் என்று நினைத்தேன்.

அந்தத் திமிரோடுதான் நானும் கடை போட்டேன் என்பது அப்போது உறைக்கவில்லை. யாரோ தூக்கிப்போட்ட கதவைப் படுக்கப் போட்டு, அதையே மேசையாக்கி, கீலும் தாழ்ப்பாளும் விற்றவன் நான். கடன் வாங்கிக் கண்ணாடி அலமாரி போடு என்றவர்களை விரட்டிவிட்டவன். நீ அதே வேலையைக் கேமராவை வைத்துச் செய்தாய், எனக்கு அது பஞ்சமாகத் தெரிந்தது.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை ஆளை வைத்துச் சுவருக்குப் பெயிண்ட் அடித்தேன். எவனோ கலர் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்த பச்சை டப்பா சும்மா கிடந்தது. மறுநாள் காலையில் நீ வந்து பார்த்துச் சந்தோஷப்படுவாய் என்று காபிகூட வாங்கி வைத்திருந்தேன். பாதிப் படத்தில் ஒரு சுவர், மீதிப் படத்தில் வேறு சுவர் வந்தால் என்ன ஆகும் என்று இந்த வியாபாரி மூளைக்கு எட்டவில்லை. நீ வாசலிலேயே நின்றுவிட்டாய். நானோ, உன் சிநேகிதர்கள் முன்னாலேயே, "நாலு பேரு பாக்கிற படத்துல அழுக்கையா காட்டுவே?" என்று கத்தினேன். "அது அழுக்கு இல்லண்ணா" என்றாய். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை.

போன வாரம் உன் கேமராக்காரப் பையன் போர்வையைத் திருப்பிக் கொடுக்க வந்தான். நான் கெஞ்சிக் கேட்டதால் எடுத்தவரைக்கும் காட்டினான். நம் கடைச் சுமைதூக்கி, ஊரே 'மீசை' என்று கூப்பிடுகிறவன், அந்த மீசையையே எடுத்துவிட்டு, என் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, கல்லாவில் உட்கார்ந்தபடியே தூங்குகிறான். அவன் தலை சாய்ந்த இடத்தில் சுவரில் அந்த எண்ணெய்க் கறை. ஸ்கூல் விட்டு வரும் ஒரு சின்னப் பெண் அவனை எழுப்பாமல், தானே வாடிக்கையாளருக்குத் திருகாணி எடுத்துக் கொடுக்கிறாள்.

அது என் தலை வைத்த கறை. மத்தியானம் கடையை அடைத்தால் வந்த ஆள் திரும்பிப் போய்விடுவானே என்று உட்கார்ந்தே தூங்கிய காலத்துக் கறை. நான் தூங்கும்போது நீ கடை பார்த்தாய் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். கதை யாரைப் பற்றி என்று ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். லைட் எங்கே, கிரேன் எங்கே என்றுதான் கேட்டேன்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். பச்சையோடு காரையும் பெயர்ந்து வந்தது. போனது போனதுதான், நான் எத்தனை டப்பா விற்றாலும் அந்தக் கலர் எவனிடமும் கிடையாது. இந்தச் சுவரை வைத்து எப்படி மீதியை எடுப்பாய் என்று எனக்குத் தெரியாது. இல்லாததை வைத்து எடுக்கத் தெரிந்தவள் நீதான்.

ஒரு சங்கடம் இருக்கிறது. மீசை இன்னும் தினமும் சவரம் பண்ணிக்கொண்டுதான் வேலைக்கு வருகிறான். அடையாளமே போச்சு என்று அவன் வீட்டில் ஒரே ஏச்சு. "படம் நின்னுபோச்சுப்பா, வளத்துக்கோ" என்றேன். "நீங்க சொன்னா ஆச்சா முதலாளி? டைரக்டரம்மா சொல்லட்டும்" என்கிறான். நீயே அவனுக்கு ஒரு பதில் சொல்லிவிடு. ஃபோனில் வேண்டாம்மா, பாவம், நேரில் வந்து சொல்.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அண்ணன்