கிணற்றடியில் கழற்றிய பெட்டி

புத்தூர் கிழக்கு,
10.08.2025

அன்பின் அத்தானுக்கு,

நிவேதனா எழுதுகிறேன். நானும் மகள் ஆரணியும் சுகம். அவளுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. லீவில் வந்த றஞ்சித் நாளைக்குக் கட்டார் திரும்புகிறான். அவன் கையில்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

தோட்டக் கிணற்றடியில் நீங்கள் மோட்டருக்குப் பூட்டிய பெட்டியையும் கமெராவையும் கழற்றிவிட்டேன் என்று அன்றே தகவல் அனுப்பினேன். ஏன் என்று சொல்லவில்லை.

போன வருஷம் அது வந்தபோது நானும் சந்தோஷப்பட்டேன். அங்கே நீங்கள் கொம்பியூட்டரில் தட்ட, இங்கே மோட்டர் இறைக்கும். எந்தப் பாத்தி காய்ந்திருக்கிறது என்று அங்கிருந்தே சொல்லுவீர்கள். ஊரே வந்து பார்த்தது. வெங்காயமும் நல்லாய் விளைந்தது.

இந்த ஆனியில் அந்தத் தண்ணீரில் போட்ட தேநீர் உவர்த்தது. உங்களுக்குச் சொன்னேன். "தண்ணி மட்டம் குறையேல்லை, எனக்கு இஞ்சை வடிவாத் தெரியுது" என்றீர்கள். மட்டம் குறையவில்லைதான். நல்ல தண்ணீர் போகப் போக அடியிலிருந்து உவர் ஏறியிருக்கிறது. அது உங்கள் திரையில் வராது.

போன மாதக் கடைசியில் ஒருநாள் மூன்று தரம் மோட்டரை நிறுத்தினேன். மூன்று தரமும் நீங்கள் அங்கிருந்து போட்டீர்கள். கூப்பிட்டேன், எடுக்கவில்லை. திரும்பவும் நிறுத்திவிட்டு, கமெராவுக்கு முன்னால் நின்று வேண்டாம் என்று கைகாட்டினேன். நாலாம் தரமும் மோட்டர் ஓடியது.

மறுநாள் பக்கத்துத் தோட்டத்துப் பரமலிங்கம் அண்ணை வந்தார். அவருடைய வெங்காயத் தாளெல்லாம் நுனி கருகிவிட்டது. ஏசவில்லை. "பிள்ளை, கிணத்திலை பாதிப் பங்கு என்ரை. தண்ணிக்கு இனி நான் ஆரைக் கேக்கிறது? உன்னையோ, கட்டாரையோ?" என்று மட்டும் கேட்டார். அவர் போனதும் பெட்டியைக் கழற்றினேன்.

தண்ணீரைச் சோதித்த விவசாயப் போதனாசிரியர், மாரி மழை வரும்வரை நாளுக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் இறைக்கவேண்டாம் என்றார். அந்த அரை மணித்தியாலத்தையும் அண்ணைக்கு விட்டுவிட்டேன். எங்கள் வெங்காயம் வாடிக்கொண்டிருக்கிறது. உங்களைக் கேட்டிருந்தால் விட்டிருக்கமாட்டீர்கள். அதனால் கேட்கவில்லை.

கொம்பியூட்டரில் எனக்கு வெறுப்பில்லை. உவரை அளக்கிற கருவியும் இருக்கிறதாம், அதையும் சேர்த்துப் பூட்டலாம். ஆனால் மோட்டரைப் போடுவதும் நிறுத்துவதும் இங்கே நிற்கிறவர் கையில் இருக்கவேணும்.

நீங்கள் எங்களோடு கதைத்துப் பதினொரு நாளாகிறது. முன்பு தினமும் போன் எடுத்து, எந்தப் பாத்தி, எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். தோட்டம் கண்ணில் தெரியாவிட்டால் எங்களிடம் கேட்க வேறொன்றும் இல்லையோ என்று ஒரு நினைப்பு வருகிறது. அதை மேலே யோசிக்கப் பயமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை நல்லூரில் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்தோம். கந்தன் உங்களுக்குத் துணை நிற்பான். ஏசுவதற்கென்றாலும் ஒருக்கால் எடுங்கோ அத்தான்.

உங்கள்
நிவேதனா