அட்டைக்கு அடியில் இருந்த பெயர்

பழைய புளி நேற்றோடு தீர்ந்தது. சித்திரையில் உன் வீட்டிலிருந்து வந்த புதுப்புளியை இன்று காலையில்தான் பிரித்தேன். அமிர்தி பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். வேலூர் பஸ் நிலையத்தில் நின்று வாங்கிவந்து, பிரிக்காமலேயே பரண் மேல் போட்டுவைத்திருந்தேன். சாக்கின் வாயில் இருந்த முடிச்சு உன் முடிச்சு இல்லை. நீ கட்டினால் கத்தி வைத்து அறுக்க வேண்டும். இது இழுத்தவுடன் அவிழ்ந்தது. புளி வாசனை சமையலறை முழுக்கப் பரவியது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு கைப்பிடி எடுத்து ஊறவைத்தேன், ரசம் வைத்தேன், சாப்பிட்டேன். தட்டைக் கழுவும்போதுதான் உனக்கு எழுதவேண்டும் என்று தோன்றியது.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ஊசி போட்ட பல்லைப் போல இருக்கிறது மனசு. தொட்டால் தொடுவது தெரிகிறது, வலி தெரியவில்லை. முதலில் இதற்காக வெட்கப்பட்டேன். இப்போது அதுவும் இல்லை.

என் தொழிலை நீ உன் ஊர்க்காரர்களிடம் சொல்லும் விதம் எனக்குப் பிடிக்கும். "இவுரு செத்த தொரைங்களுக்குப் பேரு தேடிக் குடுக்கிறவரு." அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் கடிதம் வரும். என் பாட்டியின் பாட்டன் உங்கள் பக்கத்தில் காப்பித் தோட்டம் போட்டவர், எப்போது வந்தார், யாரைக் கட்டினார், எங்கே புதைத்தார்கள் என்று கேட்பார்கள். நான் தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் கல்யாணப் பதிவேட்டையும் அடக்கப் பதிவேட்டையும் புரட்டி எழுதி அனுப்புவேன். மலைக்குப் போகவேண்டி வந்தால் உன் ஜீப். இருபது வருஷம் அப்படித்தான் ஓடியது. என்னைப் பார்த்ததும், "இன்னா தொரை, இன்னிக்கு யாரத் தோண்டப் போறோம்?" என்பாய். உலகத்தில் என்னைத் துரை என்று கூப்பிட்டவன் நீ ஒருவன்தான்.

என் அட்டையை நீ பார்த்திருக்கிறாய். பழைய காலண்டர் அட்டையில், பதிவேட்டின் ஒரு வரி மட்டும் தெரிகிற அளவுக்கு நீளமாக ஒரு சந்து வெட்டி வைத்திருப்பேன். அதைப் பக்கத்தின் மேல் வைத்து, வரிவரியாகக் கீழே நகர்த்திக்கொண்டே போவேன். பழைய எழுத்தில் கண் ஒரு வரி தாவிவிட்டால் ஒருவர் பிள்ளையை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவோம். அப்படி ஒருமுறை கொடுத்தும் இருக்கிறேன், ஆரம்ப காலத்தில். அதற்குப் பிறகு அட்டை இல்லாமல் ஒரு பக்கமும் பார்த்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. நீ ஒருநாள் அதைக் கையில் வாங்கி, சந்து வழியாக என் முகத்தைப் பார்த்துவிட்டு, "செக்கு மாட்டுக்குக் கண்ணு கட்டுற மாதிரி கீது தொரை" என்றாய். நான் அதைப் பிடுங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அந்த அம்மாள் ஞாபகம் இருக்கிறதா? அறுபது வயதிருக்கும், தொப்பியும் கைத்தடியுமாக வந்தார். அவருடைய முன்னோர் உங்கள் மலையில் காப்பி போட்டுப் பார்த்து, அது வேர்பிடிக்காமல், ஆரஞ்சு போட்டுப் பார்த்து, காய்ச்சலில் பாதிக் குடும்பத்தைப் பறிகொடுத்து இறங்கியவர்கள். அவர்களுடைய பெண் குழந்தை எமிலி நான்கு வயதில் செத்துப்போய், கீழே கொண்டுவந்து அடக்கம் செய்த குறிப்பை நான்தான் பதிவேட்டில் கண்டுபிடித்து அனுப்பியிருந்தேன். அந்த வீடு இருந்த இடத்தைப் பார்க்க வந்தார். நீ கூட்டிப்போனாய். இடுப்பளவு சுண்ணாம்புச் சுவர் ஒன்றும் காடாகிப்போன ஆரஞ்சு மரம் ஒன்றும்தான் மிச்சம். ஒரு டப்பாவில் மண் எடுத்துக்கொண்டார்.

பிறகு அவர் பையிலிருந்து ஒரு காகிதச் சுருளை எடுத்து ஜீப்பின் பானெட் மேல் விரித்தார். வம்சாவளி. காற்றில் பறக்கப் பார்த்தது. நீ நான்கு மூலையிலும் கல் வைத்தாய். உனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் கீழே இருந்த அந்த அம்மாளின் பெயரில் விரலை வைத்து, கோட்டைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறினாய். "ஒண்ணு, ரெண்டு, மூணு…" என்று எட்டு வரை போனது. விரலை எடுக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

"எனுக்கு ரெண்டோட நின்னுபூடுது தொரை. எங்கப்பன், எங்கப்பனுக்கு அப்பன் ஆண்டி. அதுக்கு மேல காடுதான்."

உன் தாத்தா ஆண்டியை எனக்கும் தெரியும், பேச்சு வழியாக. ஒரு கால் ஊனமானவர். உங்கள் வீட்டை இன்றைக்கும் ஊரில் 'நொண்டியாண்டி வூடு' என்றுதான் சொல்கிறார்கள். "எனுக்கு ரெண்டு காலும் நல்லாத்தான் கீது, ஆனா பட்டம் மட்டும் பரம்பரையா வருது" என்று நீ சிரிப்பாய்.

அந்த வருஷம் ஆடி அமாவாசைக்குத்தான் அது நடந்தது. உங்கள் மலையில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் விடுகிற வழக்கம் கிடையாது. அடிவாரத்து ஆட்களை ஜீப்பில் ஏற்றிப்போய் ஏற்றிப்போய் உனக்கும் அது ஒட்டிக்கொண்டது. உன் அப்பா செத்த பிறகு நீயும் என் பக்கத்தில் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார ஆரம்பித்தாய். ஐயர் மூன்று தலைமுறை கேட்பார். அப்பா பெயர், தாத்தா பெயர், தாத்தாவுக்கு அப்பா பெயர். மூன்றாவதற்கு நீ எப்போதும் தலையைச் சொறிவாய்.

"பேரு தெரியலியா? பரவால்ல, பரமசிவம்னு சொல்லிக்குங்க" என்பார் ஐயர். அவருக்குக் கூட்டம் காத்திருந்தது.

வேறு வருஷங்களில் சொல்லிவிட்டு எழுந்துவிடுவாய். அந்த வருஷம் திரும்பி வரும்போது ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே சொன்னாய்.

"பரமசிவனுக்கு ஏது தொரை அப்பன், பாட்டன்? அவருக்குத் தண்ணி வுட்டா அவுரு எங்க ஆளாண்ட கொண்டுபோய்க் குடுப்பாரா இன்னா? பாவம், அந்தாளு ஒவ்வொரு அமாவாசைக்கும் வந்து, பேரு கூப்புடலியேன்னு திரும்பிப் போய்னே கீறாரு." கொஞ்ச தூரம் போனபின், "ஊரு ஒலகத்துத் தொரைக்கெல்லாம் பேரு தேடுறியே. எங்காளு பேரு அந்தப் புக்குங்கள்ல எங்கியாச்சும் கீதான்னு ஒரு தபா பாரேன்" என்றாய்.

நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு எழுத்து எழுத்தாக ஞாபகம் இருக்கிறது. "உங்களையெல்லாம் யாருய்யா எழுதி வெச்சான்? அதெல்லாம் வெள்ளைக்காரன் புக்கு."

நீ சிரித்தாய். "அதுவும் சரிதான்" என்றாய்.

இன்னொரு தடவையும் கேட்டாய். அமிர்தியில் டீ குடிக்கும்போது. "ஒரு தபா பாத்தா கொறஞ்சா பூடுவ?" பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. இல்லாததை எதற்குத் தேடவேண்டும் என்ற எண்ணம்தான். அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை. நீ கேட்காமல் விட்டதை நான் கவனிக்கக்கூட இல்லை.

தை மாதம் உன் மகன் போன் செய்தான். மார்வலி என்று சொல்லிவிட்டு ஜீப்பிலேயே சாய்ந்துவிட்டாய் என்றான். நான் வந்தேன். உன் தலைமாட்டில் நின்றேன். உன் வாயைக் கட்டியிருந்த துணி கொஞ்சம் நழுவியிருந்தது, அதைச் சரி செய்யலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். செய்யவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தை அதே ஆற்றங்கரையில் வைத்தார்கள். ஐயர் உன் மகனிடம் மூன்று பெயர் கேட்டார். அவன் தடுமாறவே இல்லை. அப்பா என்று உன் பெயரைச் சொன்னான். தாத்தா என்று உன் அப்பா பெயர். அதற்கு மேல் ஆண்டி. மூன்றும் சரியாக இருந்தது. பரமசிவம்கூடத் தேவைப்படவில்லை. நல்ல பையன், எல்லாம் தெரிந்துவைத்திருக்கிறான் என்று நினைத்தேன். பஸ்ஸில் திரும்பும்போதுதான் புரிந்தது. கீழே நீ வந்து சேர்ந்ததால் மேலே இருந்தவர் வரிசையிலிருந்து போய்விட்டார். அந்தப் பெயரை இனி ஒருவரும் கேட்கப்போவதில்லை. அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஆள் நீதான்.

வைகாசியில் அந்த அம்மாளிடமிருந்து மறுபடி ஒரு கடிதம். குடும்ப வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறாராம். எமிலியின் அடக்கக் குறிப்பு இருக்கும் பக்கத்தை முழுசாகப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். போனேன். பதிவேட்டு அறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மா புத்தகத்தை எடுத்துக்கொடுத்தார். பழக்கத்தில் அட்டையை வைத்து வரியைக் கண்டுபிடித்தேன். முழுப்பக்கமும் வேண்டும் என்பதால் அட்டையை எடுத்துவிட்டுப் போனை நீட்டினேன்.

ஓரத்தில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. இத்தனை வருஷமும் அட்டைக்கு அடியில் இருந்திருக்கிறது. அந்தக் காலத்துப் பாதிரியார் தன் கையால் எழுதிவைத்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'பெற்றோர் இருவரும் காய்ச்சலில் கிடக்கிறார்கள். பிள்ளையை மலையிலிருந்து தோளில் சுமந்து வந்தவன் சடையன். வழியெல்லாம் மழை. பிள்ளையின் மேல் குடை பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி உடன் வந்தவன் அவன் மகன் ஆண்டி.' அதற்குப் பக்கத்தில் ஊர்ப் பெயர். உன் ஊர்.

சடையன்.

படம் எடுத்தேன். ஆடாமல் வந்திருந்தது. பதிவேட்டு அறை அம்மாவுக்கு நன்றி சொன்னேன். வெளியே வந்து ஒரு கரும்புச் சாறு குடித்தேன். அழுதிருக்க வேண்டிய இடம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. படத்தை அந்த அம்மாளுக்கு அனுப்பி, ஓரத்துக் குறிப்பின் கதையையும் எழுதினேன். நன்றி, எமிலியின் வரியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டேன், பக்கத்தில் இடம் போதவில்லை என்று பதில் வந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. நான் செய்ததைத்தான் அவரும் செய்திருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனேன். உன் மகன் ஜீப்புக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தான். போனில் படத்தைக் காட்டிப் படித்துச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"சடையனா… நல்ல பேருதாங்க. அப்பா இருந்திருந்தா இந்நேரம் ஊரையே கூட்டியிருப்பாரு." அப்புறம், தப்பாகப் பேசிவிடக் கூடாதே என்கிற தயக்கத்தோடு, "நான் இன்னாங்க பண்றது அத வெச்சிக்கினு? ஐயரு மூணு பேருதான கேக்குறாரு" என்றான். அவன் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

உன் மனைவி உள்ளேயிருந்து கூழ் கொண்டுவந்தார். என் கையில் சொம்பைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"அவுரு கேட்டுக்கினே இருந்தாரே, அப்ப நீங்க பாக்கலீங்களா?"

"பாக்கலம்மா" என்றேன்.

அவர் கூழுக்கு வெங்காயம் எடுத்துவரப் போனார். நான் முழுசாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். சாமைக் கூழ், உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. திட்டியிருந்தால் தேவலை.

இந்த ஆடி அமாவாசைக்குத் தனியாகப் போனேன். நீ உட்காரும் இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார். வழக்கமான ஐயருக்கு உடம்பு சரியில்லையாம், அவருடைய மருமகன் வந்திருந்தார். உன்னையும் தெரியாது, என்னையும் தெரியாது. என்னுடைய மூன்று பெயர்களைச் சொல்லி முடித்தேன். "வேற யாராவது வேண்டியவங்க, சிநேகிதங்க இருந்தா சொல்லுங்க" என்றார்.

"சடையன்" என்றேன்.

"உங்களுக்கு என்ன முறை ஆகணும்?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. என் சிநேகிதனோட தாத்தாவுக்கு அப்பா."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லச் சொன்னார். சொன்னேன். எள்ளும் தண்ணீரும் விரல் வழியே இறங்கியது. அப்புறம் அவர் கேட்டார். "அந்த சிநேகிதர் இருக்காருங்களா?"

அடுத்து உன் பெயரைத்தான் சொல்லியிருக்க வேண்டும். எள் இன்னும் கையில் ஒட்டியிருந்தது. தண்ணீர்ச் சொம்பைத் தூக்கிப் பிடித்தபடி அவர் காத்திருந்தார்.

"இருக்காரு" என்றேன்.

"அப்ப அடுத்த தபா அவரையே வரச் சொல்லுங்க. கொள்ளுப்பேரன் கையால வுடுறதுதான் முறை."

சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். சடையன். ஆண்டிக்கு அப்பா. உன் ஊர்தான், உன் வீடுதான். தலையைச் சொறியாமல் சொல். ஐயர் உன்னை வரச் சொன்னார்.