வாடை இல்லை

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. காய்ச்சல் விட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, உடம்பு தேறிவிட்டது. குழந்தையின் படம் வந்து சேர்ந்தது. முழியைப் பார்த்தால் அப்படியே நீதான். வேளாவேளைக்குச் சாப்பிடு. குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு. பாத்திரம் கழுவாமல் கிடந்தால் கிடக்கட்டும், அது எங்கேயும் ஓடிவிடாது.

போன் செய்தால் எடுப்பதில்லை என்று கோபமாக இருக்கிறாய். எடுத்தால் பேச வேண்டும், பேசினால் நீ என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். காய்ச்சலோடு போன மூக்கு திரும்பி வரவில்லை. எனக்கு இப்போது எந்த வாசனையும் தெரிவதில்லை. அன்றைக்கு அடுப்பில் பால் தீய்ந்து, பக்கத்து வீட்டு அம்மா ஓடிவந்து கதவைத் தட்டிய பிறகுதான் அணைத்தேன்.

வேறு யாருக்காவது என்றால் போனால் போகிறது என்று இருந்துவிடலாம். என் பிழைப்பே மூக்கை வைத்துத்தானே. உன் வீட்டுக்காரரிடம் என் வேலையைப் பற்றி "தண்ணி டெஸ்ட் பண்றாங்க" என்று சொல்லி முடித்திருப்பாய். இப்போதாவது சரியாகச் சொல். ஊருக்குப் போகும் தண்ணீரைத் தினமும் காலையில் நாங்கள் நான்கு பேர் மூடி போட்ட கண்ணாடிக் குடுவையில் முகர்ந்து, வாயில் வைத்துப் பார்த்து, என்ன வாடை, எவ்வளவு என்று எழுதித் தருவோம். கிருமியையும் உப்பையும் பார்க்க மெஷின் இருக்கிறது. ஆனால் ஜனங்கள் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டா குடிக்கிறார்கள்? டம்ளரை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோகிறார்கள், பிடிக்காவிட்டால் கொட்டிவிடுகிறார்கள். அப்புறம் லாரிக்காரன் எந்தக் கிணற்றிலிருந்தோ அள்ளி வருவதை வாங்கிக் குடிக்கிறார்கள். முன்பு ஒரு தடவை ஆற்றோரத் தெருப் பிள்ளைகள் அப்படித்தான் வரிசையாக வாந்தி பேதியில் படுத்தார்கள். அன்றைக்கு அவர்கள் கொட்டிய குழாய்த் தண்ணீரில் மண் வாடையைத் தவிர ஒரு குறையும் இருக்கவில்லை.

இந்த வேலைக்காக உன்னை என்ன பாடு படுத்தியிருக்கிறேன். அம்மா போன பிறகு நீயும் நானும் மட்டும் இருந்த வீடு, அதில் வாசனை சோப்பு கூடாது, பவுடர் கூடாது, காலையில் வெங்காயம் நறுக்கக் கூடாது. "இது வீடா, ஆஸ்பத்திரியா" என்று நீ போடாத சண்டையா? உன் கல்யாணத்தன்றுதான் நம் வீட்டுக்குள் முதல் சென்ட் பாட்டில் நுழைந்தது. அன்றைக்கு நான் லீவு.

விஷயத்துக்கு வருகிறேன். காய்ச்சல் விட்டதும் வேலைக்குப் போனேன். மூக்கு கொஞ்சம் அடைத்திருக்கிறது, சரியாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நல்ல வேளையாக அந்த நாட்களில் தண்ணீரிலும் ஒன்றும் இல்லை. 'வாடை இல்லை' என்று எழுதினேன், மற்றவர்களும் அதையே எழுதினார்கள். போன வாரம் ஒரு நாள், எனக்கு எதிரே உட்காரும் பெண், புதிதாகச் சேர்ந்தவள், குடுவையைத் திறந்ததும் முகத்தைச் சுளித்தாள். ஏதோ எழுதினாள். பிறகு எட்டி என் தாளைப் பார்த்தாள். எழுதியதை அடித்துவிட்டு 'வாடை இல்லை' என்று மாற்றினாள். மற்ற இரண்டு பேரும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக் கூடாது என்றுதான் விதி. ஒரே மேஜை, பழகிய முகங்கள், விதியெல்லாம் எப்போதோ தளர்ந்துவிட்டது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எல்லோருக்கும் வாடை தெரிகிறது. அனுபவமுள்ளவள் 'வாடை இல்லை' என்று எழுதினால் இல்லைதான் என்று, தங்கள் மூக்கை விட்டுவிட்டு என் மூக்கை நம்புகிறார்கள். பேசாமல் இருந்தால் என் இடம் எனக்கு இருக்கும். வாயைத் திறந்தால் அந்த மேஜையிலிருந்து எழுந்தவள் எழுந்தவள்தான். பொய் சொல்லமாட்டேன், தாளை அப்படியே கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அதிகாரியிடம் போய், "எனக்கு வாசனையே தெரியல சார். அந்தப் பொண்ணு முதல்ல என்ன எழுதுச்சோ, அதை எடுத்துக்குங்க" என்று சொன்னேன். "விளையாடாதீங்கம்மா" என்றார். அலமாரியிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலை எடுத்துத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். கண் எரிந்தது, அவ்வளவுதான். அவர் பாட்டிலை மூடிவிட்டு அந்தப் பெண்ணின் தாளை எடுத்துவரச் சொன்னார்.

அந்தப் பெண் எழுதி அடித்தது 'மண் வாடை'. நாங்கள் தண்ணீர் எடுக்கும் ஏரியில் பாசி படர ஆரம்பித்திருந்ததாம். உடனே வாடையை உறிஞ்சும் கரித்தூள் கலந்து சரிசெய்துவிட்டார்கள். ஊரில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. எங்கள் வேலை ஒழுங்காக நடந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது, இதில் உள்ள தொல்லையே அதுதான்.

இப்போது என்னைப் புகார் பிரிவில் போட்டிருக்கிறார்கள். சம்பளத்தில் கை வைக்கவில்லை, அந்த மட்டும் நல்லது. நேற்று ஒருவர் போனில், "மருந்து வாடை குடலைப் புரட்டுது, வேணும்னா நீங்களே மோந்து பாருங்க" என்று பொரிந்து தள்ளினார். சரிங்க என்றேன். அந்தக் குளோரின் இருப்பதால்தான் குழாய் நெடுகக் கிருமி அண்டாமல் வருகிறது, பிடித்துக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் வாடை போய்விடும் என்று பொறுமையாகச் சொன்னேன். குடித்துப் பார்க்கிறேன் என்று சொல்லித்தான் போனை வைத்தார். மதியம் அந்தப் பெண் சாப்பாட்டு டப்பாவோடு என் இடத்துக்கு வந்து, "என்மேல கோபமாக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அது பாதிப் பொய். அவள் இப்போது என் நாற்காலியில் உட்காருகிறாள்.

மூக்கு வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். அதைச் சொல்ல டாக்டர் எதற்கு? எதைச் சாப்பிட்டாலும் சப்பென்று இருக்கிறது. அலுப்பாக இருக்கிறது, தங்கச்சி. படுத்து எழுந்தால் போகிற அலுப்பாக இல்லை.

அடுத்த மாதம் லீவு தருகிறோம் என்றிருக்கிறார்கள், வருகிறேன். குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் என் பொறுப்பு. துணி மாற்ற வேண்டிய நேரத்தை மட்டும் நீதான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

அதற்கு முன் எனக்காக ஒரு காரியம் செய். குழந்தையை மடியில் போட்டு, உச்சி முகர்ந்து பார்த்து, என்ன வாசனை என்று எழுது. 'நல்ல வாசனை' என்று எழுதித் தப்பித்துக்கொள்ளாதே, எங்கள் மேஜையில் அது செல்லாது. பாலா, எண்ணெயா, வெயிலில் காய்ந்த துணியா, எது முதலில் வருகிறது, எது கடைசிவரை நிற்கிறது, எல்லாம் வேண்டும். அவசரமில்லை, நிதானமாக முகர்ந்து எழுது. நான் வந்து அவளைத் தூக்கும்போது அது எனக்கு மனப்பாடமாகியிருக்க வேண்டும்.

இருவரும் நோய் நொடியில்லாமல் நன்றாக இருங்கள்.

உன்
அக்கா