மறுத்தவர்களில் நனைந்தவன்

நான் எழுதும் நகைச்சுவையைப் படித்துவிட்டு, சிரிப்பு வராவிட்டாலும் வயிறு வலிக்கச் சிரித்ததாகப் பொய் சொல்லும் என் வசந்தி அக்காவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. உங்கள் நாவல் அச்சாகி வந்துவிட்டது. நம் முடிச்சூர் ஃப்ளாட்டில் வீட்டுக்கு ஒரு பிரதி. இலக்கிய தாகம் என்று பூரித்துவிடாதீர்கள்; யாரை எப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று தேடுகிறார்கள். மூன்றாம் மாடி மாமி, தன்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்று கோபித்துக்கொண்டிருக்கிறார். நானும் தேடினேன். என் தொப்பைகூட எங்கும் தென்படவில்லை. அப்பாடா என்றிருந்தது.

ஆனால் நம் வாட்ச்மேன் ஏழுமலையை எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். சில வருடங்களுக்கு முன் வந்த அந்தப் பெருவெள்ளத்தன்று, இடுப்பளவு தண்ணீரில் குழந்தையோடு வந்து நின்ற பெண்ணுக்குக் கேட்டைத் திறக்காத ஆள். நிஜத்தில் அந்தப் பெண், மல்லிகா, பின்தெரு மதில்மேல் ஏறி உட்கார்ந்திருந்து, படகு வந்து தப்பினார், குழந்தையும்தான். உங்கள் நாவலில் அவள் குழந்தையைப் பறிகொடுக்கிறாள். படித்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டது.

"இப்படிப்பட்ட ஆளையா இத்தனை வருஷம் வாசல்ல வச்சிருந்தோம்?" என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஆரம்பித்தது, ஞாயிற்றுக்கிழமை கார் பார்க்கிங்கில் கூட்டமாக முடிந்தது. கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் முதலில் உங்கள் நாவலைப் பற்றி நான் பேச வேண்டும். அடுத்தது, ஏழுமலையை வேலையைவிட்டு நிறுத்துவது. சிரிக்க வைத்துவிட்டு வெட்டுவதுதானே நம் அசோசியேஷன் வழக்கம்.

பேச வேண்டுமே என்று மறுபடி படித்தேன். உங்கள் கதையில், மகளின் காதலனிடம் அப்பா சொல்கிறார்: 'அவ அம்மாவுக்கு இஷ்டமில்லப்பா.' மகளிடம் அம்மா சொல்கிறாள்: 'அப்பா ஒத்துக்க மாட்டார்டீ.' வீட்டைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு வந்த தம்பியிடம் அண்ணன்: 'உங்க அண்ணி என்ன சொல்வாளோ.' ஒருவர் வாயிலும் 'நான் மாட்டேன்' என்று வருவதே இல்லை. அந்த வாட்ச்மேனும் அவர்கள் பாஷையைத்தான் பேசுகிறான்: 'மேல சொல்லிட்டாங்கம்மா.' மற்றவர்கள் கூரைக்குக் கீழே நின்று மறுத்தார்கள். மறுத்தவர்களில் நனைந்தவன் அவன் ஒருவன்தான்.

அவன் கையில் ஒரு போனைக் கொடுத்திருக்கிறீர்கள். மறுமுனையில் யார் என்று மட்டும் எழுதவில்லை.

அக்கா, உங்களுக்குத் தெரியுமா? அன்றைக்குச் செயலாளர் நான். "ஒருத்தரை விட்டா தெருவே வந்துடும், யாரையும் விடாத" என்று இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து போனில் சொன்னவன் நான். இன்னொரு கையில் காபி. உங்கள் பால்கனி என் பால்கனியை ஒட்டித்தானே இருக்கிறது?

கூட்டத்தில் மைக்கைப் பிடித்து வழக்கம்போல இரண்டு ஜோக் அடித்தேன். சிரித்தார்கள். ஏழுமலை தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி தூணோரம் நின்றார். இப்போதைய செயலாளருக்குப் பொறுமை இல்லை. குறுக்கே புகுந்தார்.

"ஏழுமலை, புக்குல இருக்கறது உண்மையா?"

"மேடம் பொய் எய்துவாங்களா சார்? நான்தான் தொறக்கல."

"யாராவது சொன்னாங்களா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"இப்ப இன்னாத்துக்கு சார் அதெல்லாம்? இந்த வயசுல என்னை வேற எந்த கேட்ல நிக்க வெப்பாங்க? அதை மட்டும் யோசிச்சுப் பாருங்க."

செயலாளர், வேலைநீக்கத் தாளில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். என்னிடம் மூன்றாவது ஜோக் தயாராகத்தான் இருந்தது.

"போன்ல சொன்னது நான்" என்றேன். "'கொயந்த கீது சார்'னு ஏழுமலை ரெண்டு தடவை கெஞ்சினார். நான் போனை வச்சுட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள், அக்கா. ஜோக் என்று நினைத்துவிட்டார்கள். நாற்காலியைத் தட்டிச் சிரித்தார்கள். என் பிழைப்பு அப்படி.

மறுபடியும் சொன்னேன். இந்த முறை குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. செயலாளர் கையெழுத்துப் போடாமல் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஏழுமலை மட்டும் கேட்டார்: "இத்தினி வருஷமா இன்னா சார் பண்ணிகினு இருந்த?"

மைக்கை அணைத்துக் கீழே வைத்தேன். 

அவர் வேலையில்தான் இருக்கிறார். என் ஸ்கூட்டர் வந்தால் மட்டும் கேட் கொஞ்சம் நிதானமாகத் திறக்கிறது. வெயிலில் நிற்கிறேன். ஹார்ன் அடிப்பதில்லை.

தெரிந்துதான் அந்த மறுமுனையை வெறுமையாக விட்டீர்களா, அக்கா? என்னைக் காப்பாற்றவா? இல்லை, அவனே வந்து தன் பெயரைச் சொல்லட்டும் என்றா?

மல்லிகா இப்போது ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கிறாராம். வழி சொன்னது ஏழுமலைதான். "தனியா போ சார், துணைக்கு என்னைக் கூப்டாத" என்றார். நாளைக் காலை போகிறேன். உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன்: ஜோக் அடிக்க மாட்டேன். அசோசியேஷன், மழை, மேலே, கீழே என்று எதையும் துணைக்கு இழுக்க மாட்டேன். 'நான்தான் விடவில்லை' என்று சொல்வேன். அவர் கதவைத் திறக்காவிட்டால், வெளியே நின்றே சொல்வேன்.

உங்கள் அடுத்த வீட்டுத் தம்பி,
சேகர்