இடது கை தூக்கியவள்

அக்டோபர் 14, திங்கள்

சீட்டு எடுத்தாயிற்று. வேலைத் தேர்வுக்கான மாதிரிப் பாடத்தில் எதை நடத்துவது என்று குடுவையிலிருந்து எடுக்கும் சீட்டு. எனக்கு வந்தது ஒரே ஒரு ஆங்கிலச் சொல்: ‘புவர்’ (poor). அதன் பல பொருள்களை நாற்பது நிமிடத்தில் நடத்த வேண்டும். பின்வரிசையில் மாவட்டத்திலிருந்து ஐந்து தேர்வாளர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். நவம்பர் 8. நிரந்தர வேலை ஒன்று. போட்டியில் தற்காலிக ஆசிரியர்கள் என்னோடு மூன்று பேர்.

டிசம்பரில் எனக்கு வயது வரம்பு தாண்டுகிறது. அதற்கப்புறம் விண்ணப்பமே போட முடியாது. ஒன்பது வருஷம் இங்கே சாக்பீஸ் தூள் தின்றதெல்லாம் இதற்குத்தான். துணைத் தலைமையாசிரியர் நியே மட்டும் இன்னும் என் பெயருக்கு முன்னால் ஒரு ‘சின்ன’ போட்டுச் “சின்ன தெங்” என்றுதான் கூப்பிடுகிறார். சின்னவளாம்!

அக்டோபர் 16, புதன்

நியே கூப்பிட்டுப் பாடம் எடுத்தார். “எல்லாக் கையும் மேல இருக்கணும், சின்ன தெங். விடை தெரிஞ்சவன் வலது கை. தெரியாதவன் இடது கை. நீ வலது கையை மட்டும் எழுப்பு. பார்க்கறவங்களுக்கு என்ன தெரியப்போவுது?”

எனக்குத் தெரியாதா என்ன? எல்லாரும் செய்வதுதான். நாளையிலிருந்து தினமும் ஒத்திகை.

அக்டோபர் 18, வெள்ளி

பலகையில் மூன்று பெட்டி வரைந்தேன். காசில்லாதது ஒன்று. ஐயோ பாவம் என்பது இரண்டு. தரம் குறைந்தது, மோசமானது மூன்று. நம் சீன மொழியில் மூன்றுக்கும் தனித்தனிச் சொல் இருக்க, பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் முதல் பெட்டிக்கே ஓடுகிறார்கள். மழையில் நனைந்த பூனையைக் “காசில்லாத பூனை” என்று எழுதி வைத்திருக்கிறார்கள். “ஏண்டா, பூனைக்குச் சம்பளம் வரலையா?” என்றேன். வகுப்பே சிரித்து உருண்டது. ரொம்ப நாளைக்கப்புறம் நானும் சிரித்தேன்.

கடைசி வரிசை மூ சென்யின், போன தேர்வில் நூற்றைம்பதுக்கு முப்பத்தொன்று வாங்கிய பெண், இடது கையை எட்டின மட்டும் தூக்கிக்கொண்டே இருந்தாள். மணி அடித்ததும் மேசைக்கு வந்தாள்.

“இதுவரைக்கும் நான் கையே தூக்கினதில்ல, டீச்சர். இப்ப தினமும் தூக்கலாம். தெரியலைன்னு சொல்றதுக்கும் ஒரு கை இருக்கே!”

அவளுக்கு இது ஏமாற்று வேலை என்றே புரியவில்லை.

அக்டோபர் 23, புதன்

சென்யினின் இடது கை என்னை விடுவதாயில்லை. அது உயர்ந்தால், வகுப்பு முடிந்து நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருகிறேன். இன்று மூன்று பெட்டியையும் தடங்கலில்லாமல் சொன்னாள். முதல் தடவை!

“எங்கப்பா கண்ணு மூணாவது பெட்டி, டீச்சர்.”

“அடிப்பாவி, அவர் மூணு சக்கர வண்டியில கேஸ் சிலிண்டர் கொண்டுபோறாரே!”

“மெதுவாத்தான் ஓட்டுவாரு.”

அக்டோபர் 30, புதன்

நியே ஒரு பட்டியலை நீட்டினார். எட்டுப் பெயர்கள்.

“மார்க்ல வாலா நிக்கற இதுங்க அன்னிக்கு வேண்டாம். காய்ச்சல்னு சொல்லி வீட்டுல நிறுத்திடு.”

“அவங்க இடது கைதானே தூக்குவாங்க சார்?”

“தேர்வாளர் யாராவது எழுந்து அவங்களையே கேட்டுட்டா? ஒன்பது வருஷத்தைக் கொண்டுபோய் அந்தப் பிள்ளைங்க வாயில வைக்கப் போறியா?”

எட்டாவது பெயர் மூ சென்யின்.

அக்டோபர் 31, வியாழன்

டொங்குவான் நகரத்தில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் போன் செய்தார். செருப்புத் தொழிற்சாலையில் தையல் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்களாம். “கிடைக்கலைன்னா இங்க வந்துடு. ஒண்ணாவாவது இருக்கலாம்.” அன்பாகத்தான் சொன்னார். நான் கத்தித் தீர்த்துவிட்டேன். படிச்சது இதுக்கா? புள்ளைங்க முன்னாடி நின்னவ, மிஷின் முன்னாடி போய்க் குனியறதா? முடியாது. செத்தாலும் முடியாது.

நவம்பர் 4, திங்கள்

ஏழு வீட்டுக்குப் போன் செய்துவிட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு அம்மா மட்டும், “போன வருஷமும் இதே காய்ச்சல்தான் டீச்சர்” என்று சொல்லிச் சிரித்தாள். மூ வீட்டுக்குச் செய்யவில்லை. போனை எடுப்பேன், வைப்பேன்.

நவம்பர் 5

இன்றும் மூ வீட்டுக்குப் போன் செய்யவில்லை.

நவம்பர் 7, வியாழன்

இனியும் தள்ளிப்போட முடியாது. கடைசி ஒத்திகை முடிந்து சென்யினைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனேன். நாளைக்குப் போட சட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருப்பதாக அவளே பேச ஆரம்பித்தாள்.

“சென்யின், உனக்கு நாளைக்குக் காய்ச்சல்.”

புரியாமல் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் புரிந்தது. முகம் அப்படியே வாடிப்போயிற்று.

“நான் இடது கைதான் தூக்குவேன், டீச்சர். யாருக்கும் கெடுதல் இல்லையே? மூணு பெட்டியும் எனக்குத் தெரியும். சொல்லட்டா?”

சொன்னாள். மூன்றையும் சரியாகச் சொன்னாள். நான், “வீட்டுக்குப் போ” என்றேன்.

என்ன ஜென்மம் நான்? பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடித்திருந்தால் என்ன? நியே கொன்றா போட்டிருப்பார்? — ஆமாம். எனக்கு அந்த வேலை வேண்டும். வேண்டும், வேண்டும், வேண்டும். எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் வேண்டும்.

நவம்பர் 8, வெள்ளி

காலையிலேயே எட்டு நாற்காலிகளையும் மேசைகளையும் தூக்கிவிட்டார்கள். பாடம் ஒரு பிசிறில்லாமல் ஓடியது. பூனைக்குச் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். தேர்வாளர் யாரும் எழுந்து எந்தப் பிள்ளையையும் கேட்கவில்லை.

முடிந்தபின் தேர்வாளர்களில் நரைத்த தலையோடு ஒரு அம்மா மட்டும் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். “ஐம்பத்திரண்டு பேர்னு இருக்கே?”

“எட்டுப் பேருக்குக் காய்ச்சல்.”

பதிவேட்டை மூடினார். “பாவம்” என்றார். அவர்களையா, என்னையா, தெரியவில்லை.

நவம்பர் 11, திங்கள்

எட்டுப் பேரும் வந்தார்கள். சென்யின் ஒரு சீட்டை நீட்டினாள். அவள் அப்பா பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்: மகளுக்கு வெள்ளிக்கிழமை காய்ச்சல், மன்னிக்கவும். நான் கேட்கவே இல்லையே!

“இப்ப பரவாயில்லையா?” என்றேன். வெட்கங்கெட்டவள்.

“பரவாயில்லைங்க, டீச்சர்.”

நவம்பர் 20, புதன்

கிடைத்துவிட்டது. போனில் வீட்டுக்காரர் அழுதார். நியே, “பார்த்தியா சின்ன தெங்!” என்று ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து வைத்தார். ஒன்றை உரித்துப் பாதி தின்றேன்.

நவம்பர் 25, திங்கள்

இன்று வேறொரு சொல். போன வாரம் நடத்தியதுதான், கஷ்டமானது. கேள்வி கேட்டுவிட்டுத் திரும்பினேன். தேர்வு முடிந்தும் கை தூக்கும் வழக்கம் வகுப்பில் அப்படியே நின்றுவிட்டது. எல்லாக் கையும் மேலே இருந்தது.

கடைசி வரிசையைப் பார்த்தேன். சென்யின் கையும் மேலேதான் இருந்தது. வலது கை. மேசையில் விரித்திருந்த நோட்டில் ஒரு எழுத்தும் இல்லை. பக்கத்து வரிசையில் பட்டியலில் இருந்த மற்ற ஏழு பேர். அவர்களும் வலது கை.

ஒரு வரிசை விடாமல் தேடினேன். வகுப்பில் ஒரு இடது கைகூட இல்லை. சென்யின் கண்ணெடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை ஆடவில்லை.

நான் யாரையும் எழுப்பவில்லை. விடையை நானே பலகையில் எழுதினேன்.